அம்மாவின் ஆறு மாதம் முடியப்போகிறது: கிளம்புவதா, நீட்டிப்பதா, அப்படியே இருந்துவிடுவதா?

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பத்து வருட அமெரிக்க விசாவில் 2034 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதுவரைக்கும் அங்கே தங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையவே இருக்கிறார்கள், பிள்ளைகளிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தப் பத்து வருடம், அமெரிக்க விமான நிலையத்தில் போய் இறங்கி உள்ளே விடுங்கள் என்று கேட்பதற்கான காலம், அவ்வளவுதான். உள்ளே போனபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் இமிகிரேஷன் அதிகாரி தீர்மானிக்கிறார். பி-2 சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். அந்தக் கெடு ஐ-94 என்ற பதிவில் இருக்கும், விமானத்தில் வந்தவர்களுக்கு இப்போது அது காகிதமாகக் கையில் வருவதில்லை, அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் போட்டுப் பார்த்தால் 'அட்மிட் அன்டில் டேட்' என்ற வரியில் ஒரு தேதி தெரியும். வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியதெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான். அம்மா வந்து இறங்கிய வாரத்திலேயே அதை எடுத்துப் பார்த்து, ஒரு பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் சிலருக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் போட்டுவிடுகிறார்கள், பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அதற்கேற்ப முன்னாலேயே முடிகிற தேதியும் வரலாம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கிற ஒரு அம்மா, வயது 68, மகளின் பிரசவத்துக்காக மார்ச் 10-ம் தேதி நியூ ஜெர்சி போய் இறங்குகிறார், செப்டம்பர் 9 வரை அனுமதி. குழந்தைக்கு நாலு மாதம் ஆகிறது, மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், டே கேரில் இடம் கிடைக்கவில்லை. ஊரிலோ அடுத்து வரப்போவது மழைக்காலம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியிலோ கடலூரிலோ தனியாக ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த மகளின் பயம் புரியும். "இந்த மழையெல்லாம் போகட்டும்மா, பொங்கல் கழிச்சுப் போலாம், விசாதான் இருக்கே" என்று மகள் சொல்வதில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாசம் அம்மாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

இவர்கள் முன்னால் நாலு வழி இருக்கிறது. முதலில் ரொம்ப மோசமானதைப் பார்த்துவிடலாம்: எதுவும் செய்யாமல் சும்மா இருந்துவிடுவது.

"யார் வந்து பிடிக்கப் போறாங்க" என்பார்கள். வீட்டுக் கதவை யாரும் தட்டாமல் போகலாம், உண்மைதான், ஆனால் கெடு தாண்டிய ஆளை நாட்டைவிட்டு வெளியேற்ற வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது வீட்டில் இருக்கும்போது இல்லை, திரும்ப வரும்போதும் அடுத்த தடவை போக நினைக்கும்போதும்தான். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால் கணக்கே இல்லை என்று நினைக்க வேண்டாம், விமான நிறுவனங்கள் கொடுக்கும் பயணிகள் பட்டியல் வழியாக, போன தேதி அவர்களுடைய பதிவில் ஏறிவிடுகிறது.

ஒரே ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாது. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, யாரும் தனியாக ரத்து செய்யக்கூட வேண்டியதில்லை. மறுபடியும் போக வேண்டுமென்றால் புது விசாவுக்கு விண்ணப்பித்து, சென்னை ஜெமினி பக்கத்தில் இருக்கும் கான்சுலேட்டில் நேர்காணலுக்கு நின்று, ஏன் தாண்டினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இது முதல் படி. அனுமதியில்லாமல் இருந்த நாள் 180-ஐத் தாண்டி, ஒரு வருடம் ஆவதற்குள் தானாகக் கிளம்பிவிட்டால், கிளம்பிய நாளிலிருந்து 3 வருடம் உள்ளே போக முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்துவிட்டுக் கிளம்பினால் 10 வருடம். 1996-ல் கொண்டுவந்த சட்டம் இது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நம் மஞ்சக்குப்பத்து அம்மாவுக்குக் கணக்குப் போட்டால், செப்டம்பர் 10-லிருந்து எண்ண ஆரம்பித்து மார்ச் முதல் வாரம் தாண்டும்போது 180 நாள் முடிந்துவிடும். குழந்தையின் முதல் பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டுப் போகட்டும் என்று இருந்தால்கூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். 10 வருடத் தடையில் மாட்டினால் 80 வயதுக்குப் பக்கத்தில்தான் பேரனை அவன் வீட்டில் போய்ப் பார்க்க முடியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இந்த 3 வருட, 10 வருடத் தடையிலிருந்து கிரீன் கார்டுக்காக, அதாவது அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்காக, விலக்குக் கேட்க ஒரு வழி உண்டு, ஆனால் அதற்கு அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி, அல்லது அப்பா அம்மா படும் பெரும் கஷ்டத்தைத்தான் காட்ட முடியும். மகனோ மகளோ படும் கஷ்டம் அந்தக் கணக்கில் வராது. அம்மா வராவிட்டால் நான் தவித்துப்போவேன் என்று பிள்ளை எவ்வளவு எழுதினாலும் சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. பொதுவாக அம்மாவுக்கு அங்கே இருக்கும் ஒரே சொந்தம் பிள்ளைதான் என்பதால், நம் வீட்டுப் பெற்றோருக்கு அந்த விலக்கு அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சுற்றுலா விசாவுக்கு மட்டும் என்று கேட்கும் விலக்கு வேறு, அது முழுக்க அதிகாரிகளின் விருப்பம், அதை நம்பி யாரும் தங்கக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. கெடு தாண்டி அங்கே இருக்கும் காலத்தில் நெல்லிக்குப்பத்தில் தம்பிக்கு ஏதாவது ஆனால்? கிளம்பி வரலாம், திரும்பிப் போக முடியாது. வராமல் இருந்தால் அந்த வருத்தம் கடைசி வரைக்கும் இருக்கும். வயதானவர்களுக்கு ஊரில் நடக்கிற நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனாலும் இதே கதைதான், பார்வையாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கெல்லாம் பெரிதாகக் கைகொடுக்காது, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில்லை ஊரில் வீட்டை விற்றாலும் கட்ட முடியாத நிலை வரலாம்.

சரி, அடுத்த வழி: முறையாக நீட்டிப்புக் கேட்பது. இதற்கு ஐ-539 என்ற விண்ணப்பம். 2024 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் போட்டால் 420 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 470 டாலர். கெடு முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்னால் போட்டுவிடுங்கள் என்று இந்த விண்ணப்பத்தை வாங்கும் அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுத் துறையே சொல்கிறது. நம் உதாரணத்தில் ஜூலை 26-க்குள். செப்டம்பர் 9 தாண்டிவிட்டால், விபத்து, ஆஸ்பத்திரி மாதிரி கையை மீறிய காரணம் இருந்தால் தவிர, ஏற்பது கஷ்டம். அப்பா அம்மா இரண்டு பேரும் போயிருந்தால் ஒருவர் விண்ணப்பத்தோடு மற்றவருக்கு ஐ-539ஏ சேர்க்க வேண்டும்.

நேரத்தோடு போட்டுவிட்டால் கிடைக்கும் பாதுகாப்புதான் இதன் பெரிய பலன். முடிவு வரும்வரைக்கும் மேலே சொன்ன 180 நாள் கணக்கு ஓடாது. பல சமயம் முடிவு வருவதற்குள் அம்மாவே ஊருக்குக் கிளம்பிவிடுவார், அப்படிக் கிளம்பினாலும் பிரச்சினை இல்லை, விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்ததற்கான ரசீதை பத்திரமாக வைத்திருந்து அடுத்த தடவை கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு நாள் கேட்டிருக்கிறோமோ அந்தத் தேதிக்குள் கிளம்பிவிட வேண்டும், முடிவு வரவில்லையே என்று மேலும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆபத்து எங்கே என்றால், அங்கே இருக்கும்போதே மறுத்துவிட்டால். மறுத்த மறுநாளிலிருந்து அந்த 180 நாள் எண்ணிக்கை ஓட ஆரம்பிக்கும், விசாவும் செல்லாமல் போகும். 2025 பிப்ரவரியில் வந்த உத்தரவுப்படி, மறுப்பு வந்த நேரத்தில் அனுமதி இல்லாமல் இருப்பவர்களுக்குக் குடிவரவு நீதிமன்ற நோட்டீஸ் அனுப்பவும் வாய்ப்பு அதிகமாகியிருக்கிறது. அதனால் மறுப்பு வந்தால் டிக்கெட் எடுப்பதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

என்ன காரணம் எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று எழுதுவது பலவீனமான காரணம் என்பது என் அபிப்பிராயம், அது சுற்றிப்பார்க்க வந்தவர் எழுதுகிற காரணம் மாதிரி இல்லை, முடிவே இல்லாத ஒரு தேவை மாதிரி இருக்கிறது, அடுத்த ஆறு மாதத்திலும் அந்தக் குழந்தைக்கு ஆள் வேண்டுமே என்றுதான் படிக்கிற அதிகாரிக்குத் தோன்றும். ஊரில் மழை என்பதும் அப்படித்தான். முழங்கால் வலிக்கு ஒரு சிகிச்சை நடுவில் இருக்கிறது, இந்தத் தேதிக்கு டாக்டர் பயணம் செய்யலாம் என்கிறார். மகளுக்கு சிசேரியன், டாக்டர் கடிதம் இருக்கிறது. மகனின் கல்யாணம் நவம்பரில், மண்டபம் பதிவு செய்த தாள் இருக்கிறது, இப்படி ஆரம்பமும் முடிவும் உள்ள காரணம் வேண்டும். அதோடு திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பிள்ளையின் வங்கிக் கணக்கு, ஊரில் வீடு இருப்பதற்கு வரி ரசீது, பென்ஷன் தாள், இதெல்லாம். 2020 மார்ச் 23-லிருந்து இந்தியாவுக்குச் சர்வதேச விமானங்கள் நின்றபோது அங்கே மாட்டிக்கொண்ட ஏராளமான பெற்றோருக்கு இந்த விண்ணப்பம்தான் துணை. வேறு வழியில்லாத காரணம் கையில் இருந்தபோதும், அதை எழுதிக் கெடுவுக்குள் கொடுத்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

மூன்றாவது வழி, சொன்ன தேதிக்குக் கிளம்பிவிடுவது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நிறைய வீடுகளுக்கு இதுதான் சரியான முடிவு என்று நான் உறுதியாகச் சொல்வேன். டிக்கெட்டைக் கடைசி நாளுக்குப் போடாதீர்கள், விமானம் ரத்தானால் கெடு தாண்டிவிடும், ஒரு பத்து நாள் முன்னால் போடுங்கள். இங்கே திரும்பியதும் அம்மாவுக்கு வேலைகளும் காத்திருக்கும்: மத்திய அரசுப் பென்ஷன்காரர் என்றால் நவம்பரில் உயிர்வாழ் சான்று, ஜிப்மரிலோ கடலூர் அரசு ஆஸ்பத்திரியிலோ மாத்திரை வாங்குபவர் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் டாக்டரைப் பார்க்காமல் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பதே சரியில்லை.

மறுபடி எப்போது போகலாம்? இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் ஆறு மாதம் இருந்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்ப வந்து நின்றால், இந்த அம்மா இங்கேயே குடியிருக்கிறார் என்று அதிகாரி முடிவுகட்டித் திருப்பி அனுப்பலாம், உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டுவிட்டால் 5 வருடத் தடை வேறு. அங்கே இருந்த அளவுக்காவது இங்கே இருந்துவிட்டுப் போவது நல்லது. மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ ஒரு வாரம் போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பக்கத்து நாட்டுக்குக் குறுகிய பயணம் போய்த் திரும்பினால் பழைய தேதியே தொடர்வதுதான் வழக்கம்.

நாலாவது கிரீன் கார்டு. மகனோ மகளோ அமெரிக்கக் குடியுரிமை பெற்று 21 வயது தாண்டியவராக இருந்தால் மட்டுமே பெற்றோருக்குப் போட முடியும். பிள்ளையிடமே கிரீன் கார்டுதான் இருக்கிறது, அல்லது எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார் என்றால் இந்த வழியே கிடையாது, இங்கேயே இந்தப் பேச்சு முடிந்துவிட்டது. குடியுரிமை இருந்தால், பெற்றோருக்கு வருடக்கணக்கில் வரிசை இல்லை, முறையாக விசாவில் உள்ளே வந்தவர் என்றால் கெடு தாண்டியிருந்தாலும் அங்கிருந்தே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இதைக் கேட்டதும் "அப்போ சுற்றுலா விசாவில் போய் இறங்கிட்டுப் போட்டுடலாமே" என்று தோன்றும். வேண்டாம். சுற்றிப்பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடியேறும் எண்ணத்தோடு உள்ளே வந்தார் என்று அவர்கள் முடிவுகட்டினால் அது பொய் சொன்ன குற்றமாகிவிடும். போட்ட பிறகும் முன் அனுமதி வாங்காமல் நடுவில் ஊருக்கு வந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு: அம்மாவுக்கு அங்கே வாழ விருப்பமா? கிரீன் கார்டு என்பது அடிக்கடி போய்வர வசதியான பெரிய விசா இல்லை. அங்கே குடியிருப்பவருக்கானது அது. ஒரு வருடத்துக்கு மேல் மஞ்சக்குப்பத்தில் இருந்துவிட்டால் அதை வைத்துத் திரும்ப உள்ளே போக முடியாது, ஆறு மாதம் தாண்டினாலே கேள்வி வரும். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க 65 வயது ஆகியிருந்தாலும் கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். காலையில் வாசலில் கோலம் போட்டு, பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோய், எதிர்வீட்டில் பேசிவிட்டு வருகிற ஒருவரை, பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நாள் முழுக்க ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார வைப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. சில அம்மாக்களுக்கு ஒத்துவருகிறது, பேரப்பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறார்கள். அதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், அவருக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, இங்கே பாதி வீடுகளுக்குப் போக்குவரத்து பிரான்சோடுதான். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களிலும் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பங்களிலும் பெண் எடுத்த, பெண் கொடுத்த சம்பந்திகள் எத்தனையோ பேர் இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே கணக்கு இன்னும் கறார்: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான், அதுவும் பிரான்சுக்கு மட்டுமில்லை, ஒரே விசாவில் போய்வரக்கூடிய 29 ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து, இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் வரும். ஒரு வருட மல்டிபிள் என்ட்ரி விசா கிடைத்தாலும் அந்த 90 மாறாது. அங்கே போய் நீட்டிப்புக் கேட்பது ஆஸ்பத்திரியில் படுத்தது மாதிரி தீவிரமான காரணத்துக்குத்தான் நடக்கும். 2025 அக்டோபர் 12-லிருந்து கைரேகையும் முகமும் பதிவு செய்யும் புதிய முறையை ஆரம்பித்திருக்கிறார்கள், முத்திரை சரியாகத் தெரியவில்லை என்று தப்பித்த காலம் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால், ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே 'விசித்தேர்' என்ற நீண்ட கால விசாவுக்குப் போடுங்கள், வேலை செய்யக் கூடாது, செலவுக்குப் பணமும் காப்பீடும் காட்ட வேண்டும், ஒரு வருடம் வரை இருக்கலாம். பிள்ளை பிரெஞ்சுக் குடிமகனாக இருந்து, பெற்றோர் உண்மையிலேயே அவர் அனுப்பும் பணத்தில் வாழ்ந்தால், அதற்கென்று தனி விசாவும் இருக்கிறது, மாதாமாதம் பணம் அனுப்பியதற்கான வங்கித் தாள்கள்தான் அதில் உயிர். அமெரிக்காவை விட பிரான்சில் வழி நன்றாக இருக்கிறது என்பேன், என்ன, முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கனடாவில் பிள்ளை இருந்தால் சூப்பர் விசாவைப் பாருங்கள், ஒரு தடவை போனால் 5 வருடம் வரை இருக்கலாம், பெற்றோரை நீண்ட நாள் கூட வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்த நாடுகளில் அதுதான் ரொம்ப வசதி. பிரிட்டனில் பத்து வருட விசா இருந்தாலும் ஒரு பயணத்துக்கு 6 மாதம்தான்.

ஆக, மஞ்சக்குப்பத்து அம்மா என் வீட்டு ஆளாக இருந்தால், மகளுக்கு வைத்திய ரீதியான காரணம் இல்லாத பட்சத்தில், ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் போடச் சொல்வேன், மழைக்கு அவர் தனியாக இருக்க வேண்டாம், டிசம்பர் முடியும்வரை திருப்பாதிரிப்புலியூரிலோ விழுப்புரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும், அடுத்த வருடம் கோடையில் மறுபடி போகட்டும். மருத்துவக் காரணம் இருந்தால் ஜூலையிலேயே ஐ-539.

ஏற்கெனவே கெடு தாண்டிவிட்டதென்றால் தாண்டிய நாட்களை எண்ணுங்கள். 180-க்குள் இருந்தால் இந்த வாரமே கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள், விசா போகும், 3 வருடத் தடை வராது. பிறகு புது விசா படிவத்தில் அதைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், தாண்டியதற்கான தடைக்கு ஒரு முடிவு உண்டு, பொய் சொன்னதற்கான தடை ஆயுளுக்கும். 180-ஐத் தாண்டிவிட்டது, பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமையும் இருக்கிறது என்றால் மட்டும் அவசரப்பட்டு விமானம் ஏற்றாதீர்கள். தடை விழுவது நாட்டைவிட்டுக் கிளம்பும்போதுதான், அங்கிருந்தபடியே கிரீன் கார்டு போட முடியுமா என்பதை அங்கே உரிமம் பெற்ற ஒரு இமிகிரேஷன் வக்கீலிடம் எல்லாத் தாள்களையும் காட்டிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள்.